மூன்றாம் முறை எழுதாத இலக்கணம்

திண்டிவனம்

திண்டிவனத்தில் பெரிய சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் காருக்குள் சண்டை ஆரம்பித்தது. பதினாறு வருடமாக நியூ ஜெர்சியில் குடித்தனம் நடத்தும் என் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் வாரம் ஒருமுறை வருகிற சண்டைதான். இந்த வாரத்துக்கு உரியது தமிழ்நாட்டில் வந்தது, அவ்வளவே.

"எட்டாவது முடிச்சுட்டா. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுல ஏழாவதைக் கேட்டா கூரையைப் பார்க்கிறா. இதுக்கா அவ்வளவு வரி கட்டுறோம்?"

"வாய்ப்பாடு போன்லயே இருக்கும்மா. அங்க யோசிக்கக் கத்துக்கொடுக்கிறாங்க."

பின் இருக்கையில் என் பக்கத்தில் இருந்த மருமகள் காதிலிருந்து ஒரு குமிழை மட்டும் கழற்றி, "மாமா, எண்பத்து நாலு. நான் இங்கேதான் இருக்கேன்" என்றாள்.

அமெரிக்கப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நம்மூரில் இரண்டு கருத்துகள்தான் உண்டு. அங்கே அடி, திட்டு, மனப்பாடம் எதுவும் கிடையாது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிக்கின்றன என்பது ஒன்று. அங்கே பத்தாவது படிக்கிறவனுக்குக் கூட்டல் வராது என்பது மற்றொன்று. இரண்டுமே சாக்லேட்டோடு பெட்டியில் வந்து இறங்கியவை. அங்கே குடியிருக்கும் உறவினர்களே எந்த வருடம் எந்தக் கருத்து என்று தீர்மானிக்கிறார்கள்.

மாப்பிள்ளை நியாயமான மனிதர். வரி விவகாரத்தை எனக்கு விளக்கினார். அங்கே அரசுப் பள்ளிக்கு ஆகும் செலவில் பெரும் பங்கு அந்தந்த வட்டாரத்து வீட்டு வரியிலிருந்து வருகிறது. நாடு முழுக்க 13,000க்கு மேற்பட்ட பள்ளி வட்டாரங்கள். வட்டாரத்துக்கு ஒரு நிர்வாகம், ஒரு கஜானா. நல்ல பள்ளி இருக்கும் வட்டாரத்தில் வீட்டு விலை ஏறும். விலை ஏறினால் வரி ஏறும். வரி ஏறினால் பள்ளி இன்னும் நன்றாகும். "பள்ளிக்கூடம் ஃப்ரீதான் மச்சான். பக்கத்து வீடுதான் விலை" என்றார். அவர் வாங்கியிருப்பது ஒழுகும் கூரையுள்ள பழைய வீடு. கூரைக்காக யாரும் அங்கே வீடு வாங்குவதில்லையாம்.

திண்டிவனம் என்ற பெயர்ப்பலகை பின்னால் போனபோது எனக்கு ஒரு பழைய ரயில் டிக்கெட் நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

செஞ்சி

செஞ்சி நெருங்கும்போது நிலமே வேறாகிவிடுகிறது. யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுக் கணக்கு முடிக்க மறந்ததுபோலப் பாறைகள். ராஜகிரிக் கோட்டையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏற வேண்டாம் என்று நால்வரும் ஒருமனதாக முடிவு செய்தோம். அன்றைக்கு எங்களுக்குள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

சாலையோரம் ஒரு அம்மா வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார். சென்னையில் வேர்க்கடலை, செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை. மணிலாவிலிருந்து வந்த கொட்டை தேய்ந்து தேய்ந்து இப்படி ஆயிற்று. தங்கை இந்த இடத்தைப் பாடம் நடத்தப் பயன்படுத்திக்கொண்டாள். "பாரு, இந்த அம்மா பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டாங்க. கணக்கு எப்படிப் போடுறாங்க பாரு."

நாலு பொட்டலம் மல்லாட்டை, இரண்டு வெள்ளரிப் பிஞ்சு. நோட்டை வாங்கிய அம்மா நொடியில் மிச்சம் கொடுத்தார். மருமகள் சில்லறையை எண்ணிவிட்டு, "பத்து ரூபாய் அதிகமா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். அம்மா சிரித்தார். "பள்ளிக்கூடத்துப் புள்ள, சரியாத்தான் இருக்கும்" என்று இடுப்புப் பையில் போட்டுக்கொண்டார். தங்கை கீழ்பென்னாத்தூர் வரும்வரை பேசவில்லை.

கீழ்பென்னாத்தூரில் பள்ளி விட்டிருந்தது. ஜூலை மாதம், அங்கே விடுமுறை, இங்கே பாடம் நடக்கிற காலம். நிரம்பிய அரசுப் பேருந்தில் சீருடைப் பிள்ளைகள் டிக்கெட் இல்லாமல் ஏறுவதை மருமகள் வேடிக்கை பார்த்தாள். பேருந்து, புத்தகம், சீருடை, காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு என்று நான் பட்டியல் போட்டேன். கொஞ்சம் பெருமையாகவே போட்டேன் என்று நினைக்கிறேன். "எல்லாருக்குமா? வீட்டு வருமானம் கேட்க மாட்டாங்களா?" என்றாள். அவள் பள்ளியில் சாப்பாட்டு வரிசையில் ஒரு எண்ணை அழுத்த வேண்டும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் கடன் ஏறும். சோற்றுக் கடன் என்று ஒன்று பள்ளிப் பிள்ளையின் பெயரில் இருக்கும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. அமெரிக்கா தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தை 1946லேயே இயற்றிவிட்டது. காமராஜர் தொடங்கியது 1956ல்தான். ஆனாலும் யார் வீட்டு வருமானம் எவ்வளவு என்று இன்னும் கேட்காமல் போடுகிறவர்கள் நாம்.

அண்ணாமலையார் கோயில்

217 அடி ராஜகோபுரத்தை எத்தனை முறை பார்த்தாலும் கழுத்து வலிக்கிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடித்த பதினொரு நிலை. அதைத் தாண்டி உள்ளே போனால் வலது கைப்பக்கம் ஆயிரங்கால் மண்டபம். அதற்குள் பாதாள லிங்கம்.

படி இறங்குகிற பள்ளம்தான் பாதாள லிங்கம். 1896 செப்டம்பரில் மதுரையிலிருந்து வந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் இதற்குள்தான் நினைவில்லாமல் உட்கார்ந்திருந்தான். தொடையைப் பூச்சி அரித்துப் புண்ணாகியிருந்தது. ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். எறிந்தவர்களும் ஏறக்குறைய அவன் வயதுக்காரர்களே. பின்னாளில் அவனை ரமண மகரிஷி என்றார்கள்.

மருமகள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "லாக்டவுன் டிரில் மாதிரி இருக்கு மாமா."

புரியவில்லை. அவளே விளக்கினாள். விளக்கை அணைத்துவிடுவார்களாம். கதவுக் கண்ணாடியில் தெரியாத மூலையில் இருபது இருபத்தைந்து பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது. யாராவது கதவுப் பிடியை ஆட்டிப் பார்ப்பார்கள். ஆசிரியர்தான் என்று தெரிந்தாலும் அசையக் கூடாது. மழலையர் வகுப்பிலிருந்தே பழக்கமாம். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி சிரித்துவிட்டதற்காக மறுபடி முதலிலிருந்து செய்தார்களாம். அவள் இதைச் சொன்ன தோரணை, நாம் காலை வழிபாட்டுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்வோமே, அப்படி.

2012ல் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் இருபது குழந்தைகள், 2022ல் யுவால்டியில் பத்தொன்பது குழந்தைகள். செய்தியாகப் படித்திருக்கிறேன். அந்தச் செய்தி என் வீட்டுப் பிள்ளையின் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பது அந்தப் பள்ளத்தின் முன்னால்தான் தெரிந்தது. மாப்பிள்ளை விபூதியைக் கையில் வைத்துக்கொண்டு தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரமணாசிரமம்

மதியச் சாப்பாடு ஆசிரமத்தில். தரையில் வரிசையாக உட்கார்ந்து, தையல் இலையில் சோறு, சாம்பார், ரசம், மோர். வெளிநாட்டவர்கள் நம்மைவிட நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மயில் ஒன்று செருப்புக் குவியலைச் சோதித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து இலைக்காரர் மதுரையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கை கழுவும் இடத்தில், எங்கள் சண்டை அரைகுறையாகக் காதில் விழுந்திருக்க வேண்டும், "அமெரிக்கப் பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதான்னு இங்க வந்து கேக்குறீகளே! இவரே எங்கூரு அமெரிக்கன் ஸ்கூல் மாணாக்கர்தான்யா" என்று சன்னிதியைக் காட்டினார்.

எனக்குத் தெரிந்த கதைதான். அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை.

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், அதாவது ரமணர், அப்பா இறந்த பின் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காததற்குத் தண்டனை: மூன்று முறை எழுதிவர வேண்டும். நம்மூர் மொழியில் இம்போசிஷன். இரண்டு முறை எழுதி முடித்தார். மூன்றாவதில் கை நின்றது. தாளையும் நோட்டையும் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். இப்படிப்பட்டவனுக்குப் படிப்பு எதற்கு என்ற பொருளில் அண்ணன் நாகசாமி சுருக்கென்று ஒரு வார்த்தை சொன்னார். உண்மைதானே என்று தம்பி எழுந்தார். பள்ளியில் மின்சாரம் பற்றிச் சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய் என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயைச் சீட்டோடு விட்டுவிட்டு ரயிலடிக்குப் போனார் வேங்கடராமன். உன் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறக்காமல் அந்தச் சீட்டில் எழுதியிருந்தார்.

இப்போது அந்த டிக்கெட். வீட்டிலிருந்த நிலப்படப் புத்தகம் பழையது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகப் போகும் புதிய ரயில் பாதை அதில் இல்லை. திண்டிவனம்தான் பக்கம் என்று நினைத்து இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். ரயிலில் ஒரு மௌல்வி சொல்லித்தான் விழுப்புரத்தில் மாற வேண்டும் என்பது தெரிந்தது. மூன்று நாள் அலைந்து, காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார். நாங்கள் காலையில் கடந்து வந்த திண்டிவனத்துக்கு அவர் வரவே இல்லை.

"அந்த ஸ்கூல் மோசம்னு சொல்றீங்களா தாத்தா?" என்று மருமகள் வாத்தியாரிடம் கேட்டாள்.

"அதெப்படிம்மா சொல்றது? இம்போசிஷன் குடுத்தவரும் வாத்தியார்தானே. நானும் ஆயிரம் குடுத்திருக்கேன். ஒருத்தனும் சாமியாராப் போகலை."

வாத்தியாருடைய ஊர் அபிமானம் அதோடு நிற்கவில்லை. அமெரிக்கன் மிஷன்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834ல். அதற்கு முன்பே, 1823ல், வட்டுக்கோட்டையில் செமினரி வைத்தார்கள். அமெரிக்காவில் முதல் கட்டாயப் பள்ளி வருகைச் சட்டம் மாசசூசெட்ஸில் வந்ததே 1852ல்தான். தங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பச் சட்டம் வருவதற்கு 29 வருடம் முன்னாலேயே நம் பனங்காட்டில் கணிதமும் வானசாஸ்திரமும் தமிழிலக்கணமும் நடத்திக்கொண்டிருந்தார்கள். வட்டுக்கோட்டையில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளைதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர்; பின்னாளில் கலித்தொகையை அச்சேற்றியவர். கிறிஸ்தவராக்குவதற்காகக் கட்டிய பள்ளி, சைவராகத் திரும்பிப் போனவர் கையால் சங்கநூலை நமக்குக் கொடுத்தது. வைத்தவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள், விளைந்தது வேறொன்று. பள்ளிக்கூடங்களை எடைபோட உட்காரும்போது எனக்கு இந்த இடம்தான் சிக்கல்.

வேங்கடராமனும் பின்னாளில் பாடம் நடத்தினார். 1902ல் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, தத்துவம் படித்த பட்டதாரி, விருபாக்ஷி குகைக்கு வந்து நான் யார் என்று கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டினார். பரீட்சை வைக்கவில்லை.

கிரிவலப் பாதை

மறுநாள் காலை நாலரைக்கே கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர். பௌர்ணமி இல்லாததால் கூட்டம் இல்லை. சுக்குக் காபி, மூலிகை சூப், நெற்றி நிறைய விபூதியோடு உறங்கும் நாய்கள். நிருதி லிங்கத்துக்கு அருகே ஒரு வெள்ளைக்கார அம்மா, எழுபது வயதிருக்கும், வெறுங்காலோடு எங்களுக்குச் சமமாக நடந்துவந்தார். பருத்திப் புடவை. மருமகளின் ஆங்கிலத்தைக் கேட்டுத் தானாகவே பேச்சுக் கொடுத்தார். ஒஹாயோக்காரர். முப்பது வருடம் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை.

நான் கேட்க வெட்கப்பட்டதை மருமகள் கேட்டுவிட்டாள். நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுத்தீர்களா?

அம்மா யம லிங்கத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு நீளமாகப் பேசினார். பென்சிலும் தாளும் தன் சம்பளத்தில் வாங்கினாராம். ஆசிரியர்கள் இப்படிச் சொந்தக் காசு போடுவது அரசாங்கத்துக்கே தெரியும்; வருமான வரியில் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு. வீட்டு வரியை இவ்வளவு தூரம் நம்பிப் பள்ளி நடத்துவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997ல் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் இரண்டு முறை சொன்னது. அவர் வகுப்பறைக் கூரை ஒழுகுவது அதனால் நிற்கவில்லை. பத்து மைல் தள்ளிய வட்டாரத்தில் பள்ளிக்குள்ளேயே நீச்சல் குளம்.

நாடு தழுவிய தேர்வு ஒன்று அங்கே உண்டு. முடிவுகளை நாட்டின் மதிப்பெண் அட்டை என்று வெளியிடுகிறார்கள். 2024ல் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 40 சதவீதம் பேர் வாசிப்பில் அடிப்படை நிலைக்குக் கீழே இருந்தார்கள். எட்டாம் வகுப்பில் 33 சதவீதம். அம்மா இந்த எண்களை அழுகிற குரலில் சொல்லவில்லை. விலைவாசி சொல்வதுபோலச் சொன்னார். "என் வகுப்பில் பாதிப் பேர் அந்த நாற்பதில் இருந்தார்கள். இவள் வகுப்பில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரண்டுமே அமெரிக்கப் பள்ளிதான்."

தங்கை அதற்குப் பிறகு வாய்ப்பாட்டை எடுக்கவில்லை.

அடி அண்ணாமலையில் இட்லி சாப்பிட்டோம். கடைக்காரருக்கு இரண்டு பையன்கள். பெரியவனை ஆங்கில வழித் தனியார் பள்ளியில் போட மனைவியின் வளையலை அடகு வைத்திருக்கிறார். "அமெரிக்கா அனுப்பணும்" என்றார். ஒஹாயோ அம்மாவோ நாலு இட்லியைக் கையால் பிசைந்து சாம்பாரில் ஊறவைத்துக்கொண்டு, இங்கேயே கண்மூட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் புன்னகைத்துக்கொண்டார்கள்.

ஜமுனாமரத்தூர்

மூன்றாம் நாள் போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறினோம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. சாமை நட்ட சரிவுகள், பலா, புளி. தேன் வாங்க நிறுத்திய இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர்.

"மிளகு, காபி சீசன்ல கேரளா, கர்நாடகான்னு கூலிக்குப் போயிடுவாங்க சார். பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க. திரும்பி வரும்போது ஒண்ணு ரெண்டு குறையும்." கொஞ்ச நேரம் டம்ளரைச் சுழற்றினார். "கேரளா போனாலாவது திரும்பி வருவாங்க." அவர் எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற இருபது பேரில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக்கிராமத்தார்.

நான் நல்ல செய்தி தேடி, ஸ்ரீபதியைப் பற்றிச் சொன்னேன். இந்த மலையின் புலியூரைச் சேர்ந்தவர், மலையாளிப் பழங்குடி, ஏலகிரியில் படித்தவர். பிரசவமான சில நாளில் தேர்வெழுதி 23 வயதில் சிவில் நீதிபதியாகத் தேர்வானார். ஆசிரியர் முகம் மலர்ந்தது. "பெருமைதான் சார். ஆனா வர்றவங்க எல்லாம் அந்தப் பொண்ணையே கேட்கிறாங்க. என் அஞ்சாம் வகுப்பைக் கேட்க மாட்டேங்கிறாங்க."

மருமகள் கேட்டாள். எத்தனை பேர், எத்தனை பேருக்கு வாசிக்க வரும் என்று. அவர் விரல்விட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லி எண்ணினார். முப்பத்தொரு பெயர். வாசிக்க வருகிறவர்களின் கணக்கை அவளிடம் சொன்னார். உண்மையைச் சொன்னார் என்பது எண்ணிலேயே தெரிந்தது.

மறுபடி திண்டிவனம்

திரும்பும் வழியில் மாப்பிள்ளை என் தீர்ப்பைக் கேட்டார். அமெரிக்கப் பள்ளி நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறதா? உங்கள் வீட்டு விலைக்குச் சொல்லிக்கொடுக்கிறது; அந்த அம்மாவின் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். ஒன்றில் மட்டும் எனக்குப் பொறாமை. வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி, ஊரறிய அச்சடித்து, அதன்மேல் சண்டை போடுகிறார்கள்.

நாமும் ஒருமுறை எண்ணிக்கொண்டோம். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. வாசிப்பில் அமெரிக்கா 500, தமிழ்நாடு 337. எழுபத்து நாலு இடங்களில் நமக்கும் இமாச்சலுக்கும் கீழே இருந்தது கிர்கிஸ்தான் மட்டும். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று டெல்லியில் விளக்கம் சொன்னார்கள்.

"அப்புறம் மறுபடி எழுதினீங்களா மாமா?" என்றாள் மருமகள்.

2012, 2015, 2018, 2022. நாலு சுற்றிலும் இந்தியா எழுதவில்லை.